இரவில் இறங்கும் காற்றும் அதைக் கேட்ட சிறு கருவியும்

வானம் தெளிந்த இரவுகளில் மலைச்சரிவுகள் தம் வெப்பத்தை விரைவாக இழக்கின்றன. சரிவைத் தொட்டு நிற்கும் காற்றும் உடன் குளிர்ந்து அடர்த்தி மிகுந்து, மழைநீர் வழிவதைப்போல் தாழ்வான இடங்களை நாடி இறங்குகிறது. பக்கச் சரிவுகளிலிருந்து வரும் இந்த மெல்லிய ஓட்டங்கள் பள்ளத்தாக்கின் அடியில் ஒன்றுகூடி, ஆறு செல்லும் திசையிலேயே சமவெளியை நோக்கி நகர்கின்றன. பகலில் மேலேறுவதைப் பள்ளத்தாக்குக் காற்று என்றும் இரவில் கீழிறங்குவதை மலைக்காற்று என்றும் பள்ளிப் புவியியல் நூல்கள் பெயரிடுகின்றன. இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடக்கூடிய நிகழ்வாகத் தோன்றினாலும், இந்த இரவுக் காற்றைத் தரை முதல் அதன் உச்சிவரை, மாலை முதல் விடியல்வரை, இடைவிடாது அளப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை எவருக்கும் இயலாததாகவே இருந்தது.

அதற்குக் காரணம் அக்காற்றின் அளவு. சரிவுகளில் அதன் தடிமன் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர்வரை. பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர். வேகம் வினாடிக்குச் சில மீட்டரைத் தாண்டுவது அரிது. வானிலையியல் நெடுங்காலம் இதைவிடப் பெரியவற்றை அளப்பதற்கே தன் கருவிகளைச் செப்பம் செய்துவந்தது: புயல்கள், பருவக்காற்றுகள், வளிமண்டலத்தின் உயர் அடுக்குகள். மேலே, மேலும் மேலே என்று பார்த்த கருவிகளின் கண்ணில் தரையோடு தவழ்ந்து செல்லும் காற்று படவில்லை. சிறிய ஒலிக் கருவிகள் இந்த இடைவெளியை நிரப்பின. உயரத்தை எட்டும் ஆற்றலைத் தாமாகவே கைவிட்டதால்தான் அவற்றுக்கு அது கைகூடியது என்பதே இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி.

மலைக்காற்றை அறிவியல் கண்டுபிடித்தது என்று சொல்வதற்கில்லை. பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள் அதற்கு எப்போதோ பெயர் சூட்டிவிட்டார்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரை இரவில் குளிர்விக்கும் காற்று, அது புறப்பட்டு வரும் ஹோலன்டால் பள்ளத்தாக்கின் பெயராலேயே ‘ஹோலன்டாலர்’ எனப்படுகிறது. பிரான்சின் தென்கிழக்கிலுள்ள நியோன் என்ற சிற்றூரில் இரவுக் காற்றுக்குப் ‘போன்டியாஸ்’ என்று பெயர். காற்றோட்டமின்றி வாடிய அவ்வூர் மக்களுக்காக ஆர்ல் நகரத்துப் புனித சேசேர் கடற்காற்றைத் தம் கையுறையில் அடைத்துக் கொண்டுவந்து பாறைமீது எறிந்தார் என்பது அங்கு வழங்கும் பழங்கதை. 1647இல் காப்ரியேல் பூல் என்பவர் இந்த ஓர் ஊரின் காற்றைப் பற்றி மட்டுமே தனி நூல் ஒன்றை எழுதினார். நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் அடங்கும் காற்று, விளக்கம் வேண்டிய புதிராக அந்நாளிலேயே உணரப்பட்டிருந்தது.

அப்புதிரை ஓர் ஊரின் தனிச்சிறப்பு என்ற நிலையிலிருந்து பொதுவான இயற்கை நிகழ்வு என்ற நிலைக்கு உயர்த்தியவர், லியோன் நகரப் புவியியலாளர் ஜோசஃப் ஃபூர்னே. 1840இல் வெளிவந்த அவரது கட்டுரை, மலைகளைச் சுற்றிப் பகலிலும் இரவிலும் வீசும் தென்றல்கள் அனைத்தையும் ஒரே வகையின் வெவ்வேறு உருவங்களாக வைத்துக் காட்டியது. நூறாண்டுகளுக்குப் பின் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் இவ்வாய்வின் தலைநகரானது. 1930-களில் ஆர்தர் வாக்னரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் பலூன்களைப் பறக்கவிட்டு அளவீடுகளைத் திரட்டினர். 1942இல் லுட்விக் பிராண்டல், சரிவில் வழியும் குளிர்காற்றின் வேகம் உயரத்தோடு எவ்வாறு மாறும் என்பதற்கு எளிய கணிதத் தீர்வு ஒன்றைத் தந்தார். தரையில் சுழியாகத் தொடங்கும் வேகம், சற்று மேலே உச்சத்தை அடைந்து மீண்டும் குறையும் என்பதே அதன் சாரம். 1949இல் ஃபிரீட்ரிக் டெஃபான்ட் வெளியிட்ட எட்டுப் படங்கள், ஒரு முழுநாளில் சரிவுக் காற்றும் பள்ளத்தாக்குக் காற்றும் மாறி மாறி அரசாளும் சுழற்சியைத் தீட்டிக்காட்டின. பாடநூல்களில் இன்றும் காணப்படும் படங்கள் பெரும்பாலும் அவற்றின் வழித்தோன்றல்களே.

ஆனால் இந்தப் படங்கள் ஓர் இலட்சிய நாளைச் சித்திரிப்பவை. குறிப்பிட்ட ஒரு பள்ளத்தாக்கில், குறிப்பிட்ட ஓர் இரவில், அதிகாலை மூன்று மணிக்கு ஐம்பது மீட்டர் உயரத்தில் காற்று எத்திசையில் செல்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. அக்காலக் கருவிகளிடமும் இல்லை. பலூன் வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் மேலேறும். தரையில் நிற்பவர் தியோடலைட் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அதன் திசையைக் குறிப்பார். முதல் ஓரிரு குறிப்புகளை எடுத்து முடிப்பதற்குள்ளேயே பலூன் மலைக்காற்றைக் கடந்து போயிருக்கும். இரவாயின் பலூனின் அடியில் சிறு விளக்கைக் கட்டிவிட்டு அந்த ஒளிப்புள்ளியைத் தேட வேண்டும். மறுபுறம், வானிலை நிலையங்களின் காற்றுமானி வழக்கமாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்பது. பள்ளத்தாக்கில் காற்றின் உச்ச வேகம் அதற்கு மேலே பல பத்து மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும். பலூன் மிக விரைவாக மேலே போய்விட்டது. கம்பமோ மிகக் கீழேயே நின்றுவிட்டது. இடையில்தான் காற்று ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடைவெளி வெறும் கல்விசார் குறைபாடாக நீடித்திருந்தால் அதை நிரப்பப் பெரும்பணம் செலவிட எந்த அரசும் முன்வந்திராது. பள்ளத்தாக்குகளில் தொழிற்சாலைகள் எழுந்தபோது நிலைமை மாறியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அமெரிக்க எல்லையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், கொலம்பியா ஆற்றின் கரையில் டிரெயில் என்ற ஊர் உள்ளது. அங்கிருந்த உலோக உருக்காலையின் கந்தக டைஆக்சைடு, ஆற்றோடு தெற்கே இறங்கி வாஷிங்டன் மாநிலத்து விவசாயிகளின் பயிர்களையும் மரங்களையும் பாழாக்கியது. 409 அடி உயரப் புகைபோக்கிகளாலும் சிக்கல் தீரவில்லை. இரு நாடுகளும் அமைத்த நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்பளித்தது. ஒரு நாடு தன் நிலத்தில் நடக்கும் செயலால் அண்டை நாட்டுக்குக் கடும் தீங்கு விளைய விடலாகாது என்ற கோட்பாட்டுக்காகச் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

வானிலையியலுக்கு அவ்வழக்கு விட்டுச்சென்றது வேறொன்று. புகை ஆற்றின் கீழ்த்திசையில் நகர்ந்து போவதாயின், அருகிலுள்ள நிலையத்தில் முதலிலும் தொலைவிலுள்ள நிலையத்தில் பின்னரும் நச்சளவு உயர வேண்டும். அளந்து பார்த்தபோது, காலையில் சூரியன் ஏறிய சிறிது நேரத்தில் தொலைதூர நிலையங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அளவு உயர்ந்தது. மன்றத்துக்கான ஆய்வில் பங்கேற்ற வானிலையாளர் ஹியூசன் இதற்கு விளக்கம் கண்டார். இரவு முழுதும் மலைக்காற்று புகையைத் தரையில் படவிடாமல் மெல்லிய பட்டையாக மேலே தாங்கிக்கொண்டு பள்ளத்தாக்கின் நெடுகே பரப்பிவிடுகிறது. காலை வெயிலில் தரை சூடேறிக் காற்று மேலும் கீழும் கலக்கத் தொடங்கியதும், அப்பட்டை முழுவதும் ஒருசேரத் தரைக்கு இறங்குகிறது. உறங்குவோரின் தலைக்குமேல் இரவெல்லாம் சேர்ந்த நஞ்சு விடிந்தபின் அவர்களை வந்தடைகிறது. மன்றம் இறுதியில் வகுத்த ஒழுங்குமுறை, உருக்காலை எவ்வளவு கந்தகத்தை வெளியிடலாம் என்பதைக் காற்றின் திசை, அதன் கொந்தளிப்பு, நாளின் பொழுது ஆகியவற்றோடு பிணைத்தது. காற்றளவீடு சட்டத்தின் பகுதியாக மாறிய தொடக்கக்கால நிகழ்வுகளில் அது ஒன்று.

டிரெயிலில் அழிந்தது பயிர். வேறு பள்ளத்தாக்குகளில் மனிதர்கள் மாண்டார்கள். பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பர் முதல் வாரத்தில் ஆலைப் புகையோடு கலந்து தேங்கிய மூடுபனியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மொனோங்கஹேலா ஆற்று வளைவிலுள்ள டொனோரா என்ற ஆலைநகரில் 1948 அக்டோபர் இறுதியில் 20 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெம்மையான காற்றுமாக வெப்பநிலை தலைகீழாக அமைந்து, பள்ளத்தாக்கின்மீது மூடி போட்டதுபோல் நின்றதே இரண்டிலும் பொதுக் காரணம். பள்ளத்தாக்கின் காற்றை அதற்குள்ளேயே அளக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வுகள் மிகுந்த விலையுடன் கற்பித்தன. எப்படி அளப்பது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

விடை வந்த வழி மலைகளோடு தொடர்பற்றது. 1873இல் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லாண்ட் முனையில் ஜான் டிண்டல் மூடுபனிக்கால எச்சரிக்கை ஒலிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கப்பல்களைக் காக்க எந்த ஒலி நெடுந்தூரம் செல்லும் என்பது கேள்வி. காட்சி மிகத் தெளிவாக இருந்த கோடைநாள்கள் சிலவற்றில் பீரங்கி ஒலிகூடக் கடலில் சிறிது தொலைவிலேயே தேய்ந்து மறைந்தது. கடலுக்கு மேலுள்ள வெறும் காற்றிலிருந்தோ நீண்ட எதிரொலி கேட்டது. கண்ணுக்குப் புலப்படாத, வெப்பமும் ஈரமும் சீரற்றுக் கலந்த காற்றுத் திரள்களே ஒலியைத் திருப்புகின்றன என்று முடிவுசெய்து, அவற்றை ‘ஒலி மேகங்கள்’ என அழைத்தார். ஒலி மறைந்துபோவதற்கு அவர் சொன்ன காரணத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் போன்றோர் ஏற்கவில்லை. காற்றும் வெப்பநிலையும் உயரத்தோடு மாறுவதால் ஒலிக்கதிர் வளைகிறது என்ற அவர்களின் விளக்கமே பெரிதும் நிலைத்தது. எனினும் தெளிந்த காற்று ஒலியைத் திருப்பி அனுப்பும் என்ற கருத்து டிண்டலோடு வரலாற்றில் பதிந்துவிட்டது. அவருக்கு அது மாலுமிகளின் உயிரோடு விளையாடும் ஓர் இடையூறு மட்டுமே.

இடையூறு கருவியாக மாற ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. 1946இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் ஆகிய மூவர், நுண்ணலைத் தொடர்புகளைக் கெடுக்கும் காற்றடுக்குகளைக் கண்டறிய ஒலித்துடிப்புகளை மேல்நோக்கி அனுப்பி எதிரொலி பெற்றனர். கடலில் சோனார், வானில் ரேடார் என்ற வரிசையில் காற்றில் ‘சோடார்’. மாஸ்கோவில் மார்கரீட்டா கல்லிஸ்ட்ராடோவா 1959இல் கொந்தளிக்கும் காற்றில் ஒலி சிதறுவதைச் சோதனையால் அளந்தார். மோனின், டாடார்ஸ்கி ஆகியோரின் கோட்பாடு அச்சிதறலுக்குக் கணித வடிவம் தந்தது. அனுப்பிய திசையிலேயே நேர்ப்பின்னாகத் திரும்பி வரும் ஒலி, காற்றின் வெப்பநிலையில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களால் மட்டுமே உண்டாகிறது என்பது அதிலிருந்து கிடைத்த முக்கியமான முடிவு.

1968இல் ஆஸ்திரேலியாவின் சாலிஸ்பரியிலிருந்த ஆயுத ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மக்காலிஸ்டர், ஒலிபெருக்கிகளின் வரிசையை வான்நோக்கி வைத்து, எதிரொலியைத் தொலைநகல் எந்திரம் போன்ற வரைவியில் தீட்டினார். காகிதத்தின் குறுக்கே நேரமும் நெடுக்கே உயரமுமாக அமைந்த அப்பதிவில், பகலில் தரையிலிருந்து எழும் வெப்பத்தூண்கள் புற்களைப்போல் நின்றன. இரவில் கரிய பட்டைகள் படுகிடையாக நீண்டு, சில வேளைகளில் அலைகளாய் நெளிந்தன. கண்ணுக்குத் தெரியாத காற்றின் அமைப்பு இரவு முழுதும் தானாகவே வரையப்படுவதை வானிலையாளர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்டன் லிட்டில் இம்முறையின் சாத்தியங்களை விரிவாக எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் போல்டர் ஆய்வாளர்கள் டாப்ளர் விளைவையும் இதனோடு இணைத்தனர். காற்றோடு நகரும் சிதறலிடங்களிலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். ஒரு கற்றையை நேர்மேலாகவும் இரண்டைச் சாய்த்தும் அனுப்பினால், அம்மாற்றங்களிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் உயரவாரியாகக் கணக்கிடலாம்.

எனினும் தொடக்ககாலச் சோடார்களும் உயரத்தையே நாடின. 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி காற்றில் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் பல நூறு மீட்டர்வரை எட்டும். அந்த எட்டுதலுக்கு ஒரு விலை இருந்தது. நெடுந்தொலைவு செல்ல நீண்ட துடிப்பு வேண்டும். ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நீளும் துடிப்பு காற்றில் 68 மீட்டர் நீளம் பரவி, 34 மீட்டருக்குள் அடங்கும் விவரங்களை ஒன்றாகக் குழப்பிவிடும். துடிப்பை அனுப்பியபின் அலைவாங்கி சிறிது நேரம் தானே அதிர்ந்துகொண்டிருக்கும். அந்நேரத்தில் திரும்பும் எதிரொலி கேட்காது. ஆகவே தரையையொட்டிய ஐம்பது மீட்டர் அளவிலான காற்று கருவிக்குப் புலப்படாமலே போகும். பள்ளத்தாக்கில் மலைக்காற்றின் மிக முக்கியமான பகுதி பெரும்பாலும் அந்த ஐம்பது மீட்டருக்குள்ளும் அதை ஒட்டியுமே இருந்தது.

1980-களில் சிகாகோ அருகேயுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் கூல்டரும் அவருடைய உடனாய்வாளர்களும் அதிர்வெண்ணை உயர்த்திப் பார்த்தனர். இவ்வகைச் சிறு சோடார்கள் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குபவை. 4,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். அலைநீளம் குறைந்தால் அதே அளவு குறுகிய கற்றையை உண்டாக்கச் சிறிய அலைவாங்கியே போதும். துடிப்பையும் குறுக்கலாம், அதனால் ஐந்து மீட்டருக்கு ஓர் அளவு, தரையிலிருந்து பதினைந்து மீட்டரிலேயே முதல் அளவு என்ற நுண்மை கிட்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 12 ஹெர்ட்ஸ் மாற்றத்தையே தரும். 4,500 ஹெர்ட்ஸில் அது 26 ஆகிறது. மெல்லிய காற்றை அளக்க இந்த வேறுபாடு பெரிது. 200 மீட்டர் உயரம்வரை சென்று திரும்ப ஒலிக்கு ஒன்றேகால் வினாடிக்கும் குறைவான நேரமே ஆவதால் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, சில நிமிடங்களிலேயே நம்பகமான சராசரியைப் பெறலாம். இத்தனைக்கும் ஈடாக இழந்தது உயரம். அதிர்வெண் ஏற ஏறக் காற்று ஒலியைப் பலமடங்கு உறிஞ்சிவிடுவதால் 200 மீட்டர் அளவிலேயே கருவியின் எல்லை முடிந்துவிடும். மலைக்காற்றுக்கு அந்த எல்லை பெரும்பாலும் போதுமானது.

இத்தகைய கருவிகளுக்குக் களம் அமைத்துத் தந்தது ‘அஸ்காட்’ எனப்பட்ட ஆய்வுத்திட்டம். கரடுமுரடான நிலப்பரப்பில் காற்றின் போக்கை ஆராய அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் அதைத் தொடங்கியது. ஆய்விடங்களின் தேர்வே திட்டத்தின் கவலையைச் சொல்லும். முதல் ஆய்வுகள் நடந்தது வடக்கு கலிபோர்னியாவில், கீசர்ஸ் எனப்படும் புவிவெப்ப மின்நிலையப் பகுதியில். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் பள்ளத்தாக்கு வழியே இறங்குவது சிக்கலாக இருந்தது. அடுத்துத் தேர்ந்தெடுத்தது மேற்குக் கொலராடோவின் பிரஷ் கிரீக் பள்ளத்தாக்கு. அவ்வட்டாரத்தில் எண்ணெய்ப்பாறைத் தொழில் வரவிருப்பதாக அப்போது எதிர்பார்க்கப்பட்டது. 1991 பிப்ரவரியில் டென்வர் அருகேயுள்ள ராக்கி ஃபிளாட்ஸில் தடங்காட்டி வாயுவை வெளியிட்டு ஆய்வு நிகழ்ந்தது; அங்கிருந்தது அணுவாயுதங்களுக்குப் புளூட்டோனியப் பாகங்கள் செய்த ஆலை. இரவில் ஏதேனும் கசிந்தால் அது எங்கே போகும் என்ற ஒரே கேள்விதான் மூன்று இடங்களிலும் எழுந்தது.

பிரஷ் கிரீக் ஆய்வுகளில், குறிப்பாக 1984 இலையுதிர்காலத்தில், பலவகைக் கருவிகள் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்தன. கயிற்றில் கட்டிய பலூன்கள் ஏறி இறங்கி வெப்பநிலையையும் காற்றையும் அளந்தன. அவற்றை இயக்க ஆட்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், ஒருமுறை ஏறி இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும். டாப்ளர் லைடார் ஒளிக்கற்றையால் பள்ளத்தாக்கின் முழுக் குறுக்குவெட்டையும் காட்டியது. அது அரிய, விலைமிக்க கருவி. ஒலிக் கருவிகளின் வலிமை தொடர்ச்சியில் இருந்தது. ஓரிடத்தில் நிறுவிவிட்டால் அந்தி முதல் விடியல்வரை தானாகவே துடித்துத் தானாகவே கேட்டுப் பதிந்துகொண்டிருக்கும். போல்டரைச் சேர்ந்த வில்லியம் நெஃப், கிங் ஆகியோர் இத்தகைய பதிவுகளிலிருந்து குளிர்காற்று பெரிய படுகைகளில் திரண்டு தேங்குவதை விவரித்தனர். கூல்டரும் உடனாய்வாளர்களும் கிளைப் பள்ளத்தாக்குகள் முதன்மைப் பள்ளத்தாக்குக்கு எவ்வளவு காற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதை ஆராய்ந்தனர்.

இந்த ஆய்வுகள் டெஃபான்டின் அமைதியான படங்களைத் திருத்தின. மலைக்காற்று ஒரே சீரான ஓட்டம் என்ற எண்ணம் தொடர்ப் பதிவுகளின் முன் நிற்கவில்லை. கிளைவழிக் காற்று விட்டுவிட்டு வந்தது. முதன்மை ஓட்டம் நிமிடக்கணக்கில் வலுத்தும் தளர்ந்தும் ஊசலாடியது. இவ்வூசல்களைப் பள்ளத்தாக்கின் இரவு அலைகளாகக் கொண்டு 1991இல் போர்ச், கிளெமென்ட்ஸ், கூல்டர் ஆகியோர் கட்டுரை எழுதினர். மணிக்கு ஒருமுறை ஏறும் பலூனின் பதிவில் இத்தகைய ஊசல் பிழையாகவோ தற்செயலாகவோ தோன்றியிருக்கும். புகையைப் பொறுத்தவரை இது சிறிய திருத்தமன்று. ஊசலாடும் காற்று, சராசரிக் காற்றைவிடப் புகையை வேறுவிதமாகப் பரப்பும்.

கருவியின் சான்றை எப்படிப் படிப்பது என்பதிலும் ஆய்வாளர்கள் பாடம் கற்க நேர்ந்தது. தொலைநகல் தாளில் தெரிந்த கரும்பட்டையின் மேல்விளிம்பையே தலைகீழ் வெப்ப அடுக்கின் உச்சியாகக் கொள்ளும் வழக்கம் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. சோடார் வெப்பநிலையைக் கேட்பதில்லை. வெப்பநிலையின் நுண்கொந்தளிப்பையே கேட்கிறது. வெப்ப அடுக்கு மேலே தொடர்ந்தாலும் அங்கே கொந்தளிப்பு இல்லையெனில் எதிரொலி வராது. தாள் வெண்மையாக இருப்பதால் காற்றில் ஒன்றுமில்லை என்று பொருளாகாது. வரலாற்று ஆவணத்தின் மௌனத்தைப் படிக்கப் பழகியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. எந்தச் சான்றும் தான் பதியும்படி அமைக்கப்பட்டதையே பதிகிறது.

பள்ளத்தாக்கு இக்கருவிக்குத் தனிப்பட்ட இடர்களையும் வைத்திருந்தது. பக்கவாட்டில் கசியும் ஒலி மலைச்சுவரிலும் மரங்களிலும் பட்டுத் திரும்பும். அசையாப் பொருளின் எதிரொலியில் அதிர்வெண் மாறாதாகையால் அது காற்றின் வேகத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அடியில் ஓடும் ஆற்றின் இரைச்சல் மெல்லிய எதிரொலியை அமிழ்த்தும். சிள்வண்டுகள் பலவற்றின் ஒலி 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் அளவில் அமைவது. சிறு சோடார் கேட்க முயலும் அதே வரம்பு. எல்லாவற்றையும்விடக் கடினமானது மனிதரைப் பற்றிய இடர். ஓரிரு வினாடிக்கு ஒருமுறை இரவெல்லாம் கூவும் கருவியின் அருகில் எவராலும் உறங்க இயலாது. ஆகவே அது வீடுகளிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறது. அளவீடு மிகுதியும் தேவைப்படுவதோ வீடுகள் நெருங்கிய இடத்தின் காற்றுக்கே. கருவியைச் சுற்றி ஒலியடக்கும் தடுப்புகளை எழுப்புவது இச்சிக்கலைக் குறைத்ததேயன்றி முற்றாகத் தீர்க்கவில்லை.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கு பள்ளத்தாக்கில் தொடங்கியதன்று, நகரத்தில் தொடங்கியது. தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் எஸ். பி. சிங்கல், பி. எஸ். கேரா முதலியோர் சோடார்களை உருவாக்கி, தலைநகரின் இரவுக் காற்றடுக்குகளைப் பல்லாண்டுகள் பதிவுசெய்தனர். ஒலிவழித் தொலையுணர்வுக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு 1981இல் கனடாவின் கால்கரியில் தொடங்கி ரோம், பாரிஸ், கான்பெரா வழியாக 1990இல் புதுதில்லிக்கு வந்தது. சிங்கல் பதிப்பித்து 1997இல் வெளிவந்த தொகுப்புநூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. 1990-களில் இந்திய ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்திலும் சோடாரை நிறுவினர். பனிப்பீடபூமியிலிருந்து கடலை நோக்கி வழியும் அங்குள்ள காற்று, மலைக்காற்றின் மாபெரும் உறவினர் எனத்தக்கது. அண்டை நாடான நேபாளத்தில், குளிர்காலப் புகை தேங்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் காற்றையும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சோடார் கொண்டு ஆராய்ந்தனர்.

2000 அக்டோபரில் அமெரிக்காவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் நடைபெற்ற பெரும் கள ஆய்வு, இத்துறை எங்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளம். ஆளில்லாத பள்ளத்தாக்குகளில் பயின்ற முறைகள் அங்கே இலட்சக்கணக்கானோர் வாழும் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நகரின் கிழக்கேயுள்ள மலையிடுக்குகளிலிருந்து வரும் காற்று, தெற்கிலிருந்து இறங்கும் காற்று, அடியில் தேங்கும் குளிர்காற்று ஆகியவை ஒன்றோடொன்று மோதும் இடங்களில் ரேடார், லைடார், சோடார் எனப் பல கருவிகள் பகிர்ந்து நிறுத்தப்பட்டன. தனியொரு கருவியால் பள்ளத்தாக்கை அறிய முடியாது என்பதை அனைவரும் ஏற்றிருந்தனர். தரையையொட்டிய முதல் 200 மீட்டருக்கு ஒலியின் சான்று வேண்டும் என்பதிலும் ஐயம் எழவில்லை.

கருவிகளின் வரலாறு வழக்கமாக எட்டுதலின் வரலாறாகவே எழுதப்படுகிறது: தொலைநோக்கி தொலைவை வென்றது, விண்கலம் உயரத்தை வென்றது. சிறு சோடாரின் வரலாறு அவ்வாறு எழுத இடந்தரவில்லை. டிண்டல் இடையூறாகக் கேட்ட எதிரொலியைப் பின்வந்தோர் கருவியாக்கினர். அக்கருவி முதலில் உயரத்தை நாடியது. பிறகு உயரத்தை விட்டுக்கொடுத்து, மனிதர்கள் மூச்சுவிடும் காற்றுக்கு அருகே இறங்கி வந்தது. இன்றும் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஆலையையோ, குப்பை எரிக்கும் இடத்தையோ, நெடுஞ்சாலையையோ அமைப்பதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் புரட்டும் ஆய்வாளர் ஒருவர் முதலில் கேட்க வேண்டியவை எளிய கேள்விகளே. காற்றை அளந்த இடம் பள்ளத்தாக்கின் உள்ளேயா வெளியேயா? அளந்தது பகலிலா இரவிலா? தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில்? இவற்றுக்கு விடை இல்லாத அறிக்கை, அங்கு வாழ்வோர் விடியற்காலையில் எந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள் என்பதைச் சொல்லும் தகுதியைப் பெறுவதில்லை.